செட்டிநாட்டில் வீடின்றித் தவிக்கும் முன்னாள் படைவீரருக்குக் கை கொடுப்பது எப்படி? தங்குமிடம், பென்ஷன், வேலை, நன்கொடை: ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி ரயில் நிலையம், பேருந்து நிலையம், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயில் வாசல்கள், தேவகோட்டையில் கடை அடைத்த பிறகு திண்ணைகள். இங்கெல்லாம் இரவில் படுத்திருக்கும் முதியவர்களில் ஒரு காலத்தில் சீருடை போட்டவர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் யாரும் பசியோடு கிடக்க விட மாட்டார்கள். அன்னதானம் உண்டு, கல்யாண வீட்டுச் சாப்பாடு உண்டு, பண்டிகைக்கு வேட்டி துண்டு உண்டு. இவருக்குக் குறைவது வேறு. கூடவே நடந்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அவர் பெயரில் ஏற்கெனவே இருக்கும் உரிமையை வாங்கித் தர ஓர் ஆள் வேண்டும். சோறு போடப் பத்துப் பேர் வரும் ஊரில் அந்த ஓர் ஆள் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. தனியாகவோ நாலைந்து பேர் சேர்ந்தோ அந்த வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இவர் ஏன் தெருவில் இருக்கிறார்?

“மிலிட்டரிக்காரருக்குத்தான் பென்ஷன் வருமே, அப்புறம் என்ன கஷ்டம்?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. எல்லோருக்கும் வராது. சிப்பாய் நிலையில் இருப்பவருக்குச் சர்வீஸ் பென்ஷன் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டு சேவை வேண்டும். அதற்கு முன்பே சொந்தக் காரணத்துக்காக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அது கிடையாது. உடல்நிலை காரணமாக மெடிக்கல் போர்டு அனுப்பி வைத்தவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் கிடைக்க வழி இருந்திருக்கலாம். அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் விட்டவர்கள் உண்டு.

பென்ஷன் உள்ளவரும் தெருவுக்கு வருகிறார். வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருப்பார், மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு இடமில்லாமல் போயிருக்கும். ஏடிஎம் கார்டு உறவினர் கையில் இருக்கும், பணம் மாதாமாதம் யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அல்லது உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர லைஃப் சர்டிபிகேட் கொடுக்காமல் பென்ஷன் நின்றுபோயிருக்கும். குடி ஒரு பெரிய காரணம், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. மனநோயும் அப்படித்தான். முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஊர் திரும்பும் ஒரு மனிதருக்கு அதுவரை பழகிய ஒழுங்கு, கூட்டாளிகள், நாளின் நேரக்கணக்கு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. அதைத் தாங்க முடியாமல் சரிந்தவர்களைத்தான் நாம் பார்க்கிறோம்.

காரணம் எது என்பது முக்கியம். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய வாசல் வேறு.

படி 1: பேசுங்கள், ஆனால் விசாரணை செய்யாதீர்கள்

முதல் நாளே ஆதார் இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார். டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். “ஐயா, நீங்க எந்த ரெஜிமென்ட்?” என்று கேளுங்கள். நம் ஊர்க்காரர்கள் பலர் மதராஸ் ரெஜிமென்டிலோ, ‘தம்பி’கள் என்று பெயர் பெற்ற மதராஸ் இன்ஜினியர் குரூப்பிலோ இருந்திருப்பார்கள். பீரங்கிப்படை, சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), ஈஎம்ஈ (வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவு), ஏஎஸ்சி (உணவு, பொருள் வழங்கும் பிரிவு) என்றும் சொல்வார்கள். அதற்கு ஏற்ற அடுத்த கேள்வி தானாக வரும்: டிரெய்னிங் வெலிங்டனிலா, பெங்களூருவிலா, எந்த வருஷம் வெளியே வந்தீங்க, எந்த ரேங்க்.

பேச்சு பழகியதும் ஆர்மி நம்பரைக் கேளுங்கள். பேரன் பெயர் மறந்துபோன முதியவரிடமிருந்துகூட அந்த எண் தடையில்லாமல் வந்து விழும். எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து வரும், அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் இவ்வளவு போதும்: ஆர்மி நம்பர், ரேங்க், பெயர் (ராணுவத்தில் எழுதியபடி), ரெஜிமென்ட், சேர்ந்த வருடம், வந்த வருடம், வந்த காரணம், சொந்த ஊர். பட்டாளத்தில் பதிவான பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்தளவில் வேறுபடுவது மிகச் சாதாரணம். பின்னால் வரும் சிக்கலில் பாதி இதனால்தான் என்பதால் இரண்டையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

படைவீரர் என்று பொய் சொல்பவர்களும் இருப்பார்கள். அதற்காக எல்லோரையும் சந்தேகப்பட வேண்டாம். படைப்பிரிவின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸின் பதில் வரும்போது உண்மை தெரிந்துவிடும். அதுவரை அவர் வீடில்லாத முதியவர், அந்த உதவிக்கு உரியவர், அவ்வளவுதான்.

சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படையில் இருந்தவர் என்றால் வழி வேறு. சட்டக் கணக்கில் அவர் ‘முன்னாள் படைவீரர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார். அவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் கீழ் நலன், மறுவாழ்வு வாரியம் தனியாக இருக்கிறது. தொடக்கத்திலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

படி 2: உடம்பு முதலில், அன்றிரவு படுக்கை அடுத்து

காலில் ஆறாத புண், சர்க்கரை, இருமல், கண்புரை. தெருவில் இருப்பவரிடம் இவற்றில் ஒன்றாவது இருக்கும். காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனைக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். நிலைமை மோசமென்றால் 108. பென்ஷனர் என்றால் ஈசிஎச்எஸ் என்னும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதில் உறுப்பினரா, கார்டு எங்கே என்று பாருங்கள். கார்டு தொலைந்தாலும் உறுப்பினர் உரிமை தொலையாது.

தனக்குத்தானே பேசிக்கொண்டு, குளிக்காமல், யாரையும் நெருங்கவிடாமல் இருப்பவரை நீங்களாகப் பிடித்துக் கூட்டிப் போக முயல வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, அப்படித் திரிபவரைப் பாதுகாத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது காவல்துறையின் கடமை. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுங்கள், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் பேசுங்கள். என்ன செய்வதென்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

அன்றிரவுக்கு இடம்? நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் எங்கே இயங்குகிறது என்பதை மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் கேட்க வேண்டிய இடம் அதுதான். முதியோருக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது. சத்திரம், மடம், கோயில் விடுதி நடத்துபவர்களிடம் நேரில் போய்ப் பேசினால் சில நாள் இடம் கொடுப்பார்கள். ஆனால் ‘சில நாள்’ என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், எந்தத் தேதி வரை என்றும் சொல்லுங்கள். சொன்ன தேதியைக் காப்பாற்றினால்தான் அடுத்த ஆளுக்கும் அந்தக் கதவு திறக்கும்.

குடியை விட்டால்தான் இடம் என்று நிபந்தனை போடுவது நம் வழக்கம். நான் அதற்கு எதிர்க்கட்சி. தூங்க இடமில்லாதவரால் குடியை விட முடியாது. அமெரிக்காவில் வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கான திட்டங்கள் முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்ற முறைக்கு வந்தது இதைப் பார்த்துத்தான். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும், தங்குமிடத்துக்குள் குடிக்கக் கூடாது. இந்த இரண்டு கட்டுப்பாடு போதும்.

படி 3: காகிதங்களை மீட்பது

இந்தப் படிதான் நீளம், இங்குதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் காகிதம் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த சான்றுப் புத்தகம். பல வீடுகளில் கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில், மெடல்களோடு, துணியில் சுற்றி இருக்கும். அவர் வீட்டைவிட்டு வந்திருந்தாலும் பெட்டி அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் போய்ப் பதமாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சண்டை அவரோடுதானே, உங்களோடு இல்லையே. கிடைக்கவே இல்லையென்றால், தொலைந்ததற்குக் காவல்துறைச் சான்று வாங்கி, அவர் பணியாற்றிய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படைக்கு நாசிக் ரோடு, ஈஎம்ஈக்கு செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ.

இதை நீங்களே தனியாகச் செய்வதைவிட, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் செய்வது நல்லது. அவர்கள் கடிதத்துக்கு ரெக்கார்ட் ஆபீஸில் மதிப்பு அதிகம். ஒன்றைக் கவனியுங்கள். செட்டிநாடு என்று நாம் ஒரே மூச்சில் சொன்னாலும் அரசாங்கக் கணக்கில் அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரருக்குச் சிவகங்கை. ராயவரம், அரிமளம், கடியாபட்டிக்காரருக்குப் புதுக்கோட்டை. தவறான அலுவலகத்தில் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

முன்னாள் படைவீரர் அடையாள அட்டையும் அதே அலுவலகத்தில்தான். அவர் எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார் என்பதைப் பார்த்துத்தான் தகுதியை முடிவு செய்வார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கு அந்த அட்டை கிடைக்காது. அதைக் கேட்டதும் பலர் அவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை. முதியோர் உதவித்தொகை (2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது), ரேஷன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எல்லாம் தகுதியுள்ள எந்தக் குடிமகனுக்கும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகம், இ-சேவை மையம் என்று அந்த வழியில் போங்கள்.

ஆதார் தொலைந்திருந்தால், எண் தெரியாவிட்டாலும் கைரேகை, கண் பதிவு மூலம் மீட்கலாம். முகவரி இல்லையே என்று பயப்பட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றை முகவரிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். காப்பகத்தில் சேர்ப்பது படுக்கைக்கு மட்டுமில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

படி 4: நின்ற பணத்தை ஓட வைப்பது

பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் என்றால் பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) நம்பரைக் கண்டுபிடியுங்கள். பழைய வங்கிப் பாஸ்புக்கிலோ, வங்கிக் கிளையிலோ, டிஸ்சார்ஜ் காகிதங்களிலோ கிடைக்கும். இப்போது ராணுவப் பென்ஷன் பிரயாக்ராஜில் உள்ள அலுவலகத்தின் பொறுப்பில், ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழியே வருகிறது. அதில் லைஃப் சர்டிபிகேட் பதிவானால் நின்ற பென்ஷன் மறுபடி வரும், நிலுவையும் சேர்ந்து வரும்.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இ-சேவை மையத்தில் விரலை வைக்கச் சொல்வார்கள். தெருவில் கிடந்து, கூலி வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை விழாது. ஈரத்துணியால் துடைத்து, மறுபடி வைத்து, மறுபடி துடைத்து, கடைசியில் “நாளைக்கு வாங்க” என்பார்கள். அவர் அவமானத்தோடு வெளியே வருவார், மறுநாள் வரமாட்டார். அதனால் முகத்தை வைத்துப் பதிவு செய்யும் வசதியைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு போனிலேயே ஜீவன் பிரமாண் செயலியில் முக அடையாளம் மூலம் செய்துவிடலாம். முகப்பிலோ திண்ணையிலோ நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண் சிமிட்டச் சொன்னால் வேலை முடிந்தது. பென்ஷன் கணக்கு யார் கையில் இருந்ததோ அவர் பழைய ஏடிஎம் கார்டை வைத்திருப்பார். பணம் வரத் தொடங்கும் முன்பே வங்கிக்குப் போய் அந்தக் கார்டை முடக்கி, போன் எண்ணை மாற்றிவிடுங்கள். இந்த வரிசை தலைகீழானால் நிலுவைத் தொகை முழுதும் ஒரே நாளில் போய்விடும்.

பென்ஷனே இல்லாதவருக்கு மத்திய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நல வாரியம்) வறுமை நிவாரண உதவித்தொகை இருக்கிறது. 65 வயதைத் தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் பதவி வரை இருந்த முன்னாள் படைவீரருக்கும் அவர்களின் விதவை மனைவிக்கும் உரியது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாய். ஒருவர் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டுக் காலம் தள்ள இது போதும். விண்ணப்பம் இணையத்தில், பரிந்துரை மாவட்ட அலுவலகத்தில். இந்தப் பணம், படைவீரர் நலனுக்காகப் பொதுமக்களிடம் திரட்டும் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது என்பதைக் கொடையாளர் பகுதியில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

விதவைகளை மறந்துவிடாதீர்கள். ஆச்சி ஒருவர் கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணவர் பட்டாளத்தில் இருந்தார் என்று அவரே பேச்சோடு பேச்சாகச் சொன்னால்தான் தெரியும். அவர் பெயர் ராணுவப் பதிவில் மனைவியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே அங்கு முதல் வேலை. ஏறாமல் இருந்தால் குடும்ப பென்ஷன் கிடைக்காது. ஏற்றுவதற்குத் திருமணச் சான்று அல்லது உறுதிமொழிப் பத்திரம் வேண்டும்.

படி 5: குடும்பமும் சட்டமும்

சமாதானம் முடியுமா என்று முதலில் பாருங்கள். பங்காளிகளில் ஒரு பெரியவர், ஊரில் மதிப்புள்ள ஓர் அண்ணன், யாராவது ஒருவர் நடுவில் உட்கார்ந்தால் பல வீடுகள் இறங்கி வரும். முடியாவிட்டால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மனு கொடுக்க வேண்டிய இடம் கோட்ட அளவிலான தீர்ப்பாயம், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்குத் தேவகோட்டை. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாமல் விட்டால் ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழி உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண். 2025 ஜூலையில் தொடங்கிய வீர் பரிவார் திட்டத்தில் சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே படைவீரர் குடும்பங்களுக்குச் சட்ட உதவி மையம் வைக்க ஏற்பாடு. ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்ட வழக்கு என்றால் போக வேண்டிய இடம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம்.

படி 6: நிலையான தங்குமிடம், செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒரு யோசனை

ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: வீடு காலி, ஆளுக்கு வீடில்லை, சேர்த்து வைத்தால் என்ன? நல்ல யோசனை, செய்யவும் முடியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது.

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். சாவி ஒருவரிடம் இருக்கும், உரிமை எல்லோருக்கும் இருக்கும். வளவை (நடு முற்றத்தை) சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பேரில் பூட்டியிருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவருக்குத் தெரியாமல் இடம் கொடுத்து, அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊர் வந்தவர் பார்த்துச் சத்தம் போட்டால், மிலிட்டரிக்காரர் மறுபடி தெருவுக்குத்தான் போவார். அதனால் பங்காளிகள் எல்லோரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் சரி என்று போட்டது போதாது. அவர் காவலாளியா, வாடகைதாரரா, விருந்தாளியா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். காவலாளி என்றால் சம்பளம் கொடுக்க வேண்டும். ‘இடம் கொடுத்திருக்கிறோமே, வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று சம்பளமில்லாமல் வேலை வாங்குவது உதவியில் சேராது.

வீடும் முதியவருக்கு ஏற்றதா என்று பாருங்கள். நிலைப்படி உயரம். தரை வழவழப்பு, ஈரம் பட்டால் சறுக்கும். கழிப்பறை இரண்டாங்கட்டை (வீட்டின் பின்பகுதியை) தாண்டிக் கடைசியில் இருக்கும், இரவில் அவ்வளவு தூரம் இருட்டில் நடக்க வேண்டும். முகப்பை ஒட்டிய ஓர் அறை, அதற்கு அருகிலேயே ஒரு கழிப்பறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழியில் விளக்கு. இந்த நான்கும் முடியாதென்றால் பெரிய வீட்டை விடுங்கள், தெருவில் ஒரு சின்ன வாடகை அறையே மேல். பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்கும் அறையாக இருந்தால் இன்னும் நல்லது. தனிமை இவர்களை மறுபடி குடிக்கு அனுப்பும்.

நீங்களே இல்லம் தொடங்க நினைத்தால், முதியோர் இல்லத்துக்குச் சமூக நலத் துறைப் பதிவும், மனநோயாளிகளைத் தங்க வைப்பதானால் மாநில மனநல ஆணையத்தின் பதிவும் வேண்டும். பதிவில்லாமல் தொடங்காதீர்கள்.

படி 7: வேலையும் பயிற்சியும்

முன்னாள் படைவீரர் என்றால் செக்யூரிட்டி என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அதற்கும் வழி உண்டு. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986-இலிருந்து இயங்குகிறது, அரசு நிறுவனங்களுக்குக் காவலர்களை அனுப்புகிறது. தனியார் காவல் நிறுவனங்களில் சேருவோருக்கான கட்டாயப் பயிற்சியும், மத்திய அரசின் மாதிரி விதிப்படி, முன்னாள் படைவீரருக்குக் குறைவு. மற்றவர்களுக்கு வகுப்பு 100 மணி நேரம், களப்பயிற்சி 60 மணி நேரம் என்றால் இவர்களுக்கு 40-ம் 16-ம்தான்.

ஆனால் அவர் பட்டாளத்தில் என்ன செய்தார் என்று ஒரு தரமாவது கேட்டிருக்கிறோமா? மதராஸ் சாப்பர் (மதராஸ் இன்ஜினியர் குரூப்காரர்) என்றால் குழாய், மின்சாரம், கட்டுமானம் தெரிந்திருக்கும். பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றும் வேலை கானாடுகாத்தான் பக்கம் நடக்கிறது, பராமரிப்புக்கு அவர்களுக்கு எப்போதும் ஆள் வேண்டும். ஈஎம்ஈ என்றால் வண்டி. ஏஎஸ்சியில் சமையல் என்றால் இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமா? கல்யாண சமையல் கோஷ்டி, மெஸ், இரண்டிலும் எடுப்பார்கள். நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவரை ஒரு கிளினிக்கிலோ, முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வீட்டிலோ கேட்பார்கள். கிளார்க் என்றால் புதுவயல் அரிசி ஆலைகளில் கணக்கு எழுதலாம்.

பட்டாளத் தொழிலுக்கு இப்போதைய சான்றிதழ் வேண்டுமென்றால், முன் அனுபவத்தை ஏற்று மதிப்பிட்டுச் சான்று தரும் திறன் பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. அரசு ஐடிஐயிலோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ கேளுங்கள். சிவகங்கையில் ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி கிடைக்கும். வயது வரம்பு உண்டு என்பதால் இளையவர்களுக்குத்தான் அது உதவும். மத்திய அரசு வேலையில் குரூப் சியில் 10 சதவீத ஒதுக்கீடு இருப்பதும் வயது குறைந்தவருக்கான செய்திதான்.

சொந்தத் தொழில் தொடங்கும் தெம்புள்ளவருக்குத் தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் இருக்கிறது. 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். தெருவிலிருந்து நேற்று வந்தவரை இதற்குள் தள்ளாதீர்கள். ஒரு வருடமாவது நிலையாகக் காலூன்றட்டும், கடன் அப்புறம்.

முதல் வேலையைப் பாதி நேரமாக அமைத்துக் கொடுங்கள். காலை நான்கு மணி நேரம், கோயிலுக்குப் பக்கத்தில், தெரிந்த முதலாளி. முதல் மாதத்தில் அவர் இரண்டு நாள் வராமல் போவார். அதை முன்பே முதலாளியிடம் சொல்லி வைத்தால் வேலை நிலைக்கும். எழுபதைத் தாண்டியவருக்கு வேலை வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும். பென்ஷனும் அறையும் கிடைத்ததும் சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆசைப்பட்டால் அதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

படி 8: கொடையாளர்களைச் சேர்ப்பது

வியாபார லாபத்தில் ஒரு பங்கை மகமையாகத் தர்மத்துக்கு ஒதுக்கிக் காசியிலும் ராமேஸ்வரத்திலும் விடுதி கட்டிய மண் இது. கொடுக்கும் மனம் இங்கு இருக்கிறது, எதற்குக் கொடுப்பதென்று தெளிவாகச் சொல்வதுதான் நம் பொறுப்பு.

‘முன்னாள் படைவீரர் நலனுக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒரு அறைக்கு முன்பணம், ஆறு மாத வாடகை, கண் அறுவைக்குப் பின் கண்ணாடி, பல்செட், வேலைக்குப் போக ஒரு சைக்கிள், ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய்வர ரயில் கட்டணம் என்று பொருள் பொருளாகப் பட்டியல் போடுங்கள். அறுபதாம் கல்யாணம் செய்யும் வீட்டில் போய், ஒருநாள் அன்னதானத்தோடு ஒருவருக்கு ஒரு வருட வாடகையும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

பணத்தைத் தனியார் கணக்கில் வாங்க வேண்டாம். அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, பான், வருமான வரித் துறைப் பதிவு, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகைப் பதிவு எல்லாம் எடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்காது, அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர்ப் பணத்தில் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி இடறுவது இங்கேதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், நம் பங்காளியே ஆனாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. பணம் வருவதற்கு முன்பே ‘என்ன பாஸ்போர்ட்?’ என்று கேட்டுவிடுங்கள்.

நிறுவனங்களிடம் கேட்கும்போது, முன்னாள் படைவீரர், போர் விதவைகள் நலன் என்பது கம்பெனிச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையிலேயே சமூகப் பொறுப்புச் செலவாக இடம்பெற்றிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அறக்கட்டளை தொடங்கும் அலைச்சலே வேண்டாம் என்பவர் டிசம்பர் 7 கொடிநாள் நிதிக்கு ஆட்சியர் அலுவலகம் வழியாகக் கொடுக்கலாம். முன்பு சொன்ன 8,000 ரூபாய் உதவித்தொகை போவது அந்த நிதியிலிருந்துதான்.

உதவி பெறுபவரின் முகத்தைப் படம் எடுத்து ஃபிளெக்ஸ் வைக்காதீர்கள். சல்யூட் அடிக்க வைத்து வீடியோ எடுக்காதீர்கள். கொடையாளருக்குக் காட்ட வாடகை ரசீது போதும்.

படி 9: எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் கூட்டும் ஒரு நாள்

1988-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் வியட்நாம் போரில் இருந்தவர்கள் ஒரு முகாம் நடத்தினார்கள். வீடில்லாத பழைய வீரர்களுக்குச் சாப்பாடு, மருத்துவர், முடிவெட்டுபவர், வக்கீல், அரசு அலுவலர் எல்லோரும் ஒரே மைதானத்தில். அலைந்து அலைந்து சலித்தவருக்கு அலைச்சலே இல்லாமல் செய்வதுதான் அதன் சூட்சுமம். அது பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபம் போதும். கொடிநாளை ஒட்டி வைத்தால் அலுவலகங்களும் ஒத்துழைக்கும்.

மேசைகளை இந்த வரிசையில் போடுங்கள்: முதலில் குளியலும் மாற்று வேட்டியும், அடுத்து காலைப் பலகாரம், பிறகு மருத்துவர், அதன் பிறகே ஆதார், லைஃப் சர்டிபிகேட், படைவீரர் நல அலுவலகம், வங்கி, சட்ட உதவி, கடைசியில் வேலை கொடுப்பவர்கள். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த மனிதர் பேசும் பேச்சே வேறு. ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டர், காலையிலிருந்து மாலை வரை கூடவே. பழைய படைவீரர்களே தொண்டர்களாக வந்தால் இன்னும் நல்லது, ஊரில் நன்றாக இருப்பவர்கள் நிறைய உண்டு. மேசைக்கு மேசை போகும்போது ஃபைலைத் தொண்டர் கையில் வைத்துக்கொள்ளட்டும். மாலையில் அந்த ஃபைலின் ஒரு நகல் அவரிடமும், ஒரு நகல் உங்களிடமும் இருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை எந்த அலுவலகம், யார் கூடப் போகிறார் என்பதை அதன் முதல் பக்கத்தில் எழுதிய பிறகுதான் மண்டபத்தைப் பூட்ட வேண்டும்.